'கூழாங்கல்' ஏன் இவ்ளோ மெதுவா போகுது?

கேள்வி: நெதர்லாந்துல நடக்குற ரோட்டர்டாம் திரைப்பட விழாவுல அவார்டு வாங்குன படம்னு நம்பி 'கூழாங்கல்' பாத்தேங்க. 75 நிமிஷமும் அப்பனும் மவனும் வெயில்ல நடக்குறாங்க, அவ்ளோதான். விமர்சகர்கள் எல்லாம் இதைத் தலையில தூக்கி வச்சு ஆடுறது ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நடக்குறாங்க, ஆமா. ஆனா எதுக்கு நடக்குறாங்கன்னு பாருங்க. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டியக் கூட்டியாரணும்னு ஸ்கூல்ல இருந்த பையனை இழுத்துக்கிட்டு குடிகார கணபதி கெளம்புறான், போன எடத்துல அடிதடி ஆகுது, பஸ்ஸுக்கு வச்சிருந்த காசைப் பையன் கிழிச்சுப் போட்டுர்றான், இனி நடந்துதானே ஆகணும். டைரக்டர் பி.எஸ்.வினோத்ராஜோட சகோதரியை நெஜத்துல புருஷன் வீட்டுல தொரத்திவிட்டு, அவங்க கைக்குழந்தையோட 13 கிலோமீட்டர் நடந்தே வந்திருக்காங்க. அந்த நடையை படத்துல புருஷங்காரனை நடக்க வச்சிருக்கார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க, மெதுவா போற மாதிரியே இருக்காது.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? தாகத்துக்கு பையன் ஒரு கூழாங்கல்லை வாயில போட்டு அடக்கிக்கிட்டே வர்றான். வீட்டுக்கு வந்து அதை எடுத்து வைக்கிற எடத்துல ஏற்கனவே கல்லு குவிஞ்சு கெடக்கு. அப்ப இது மொத தடவை இல்ல! யாரும் ஒரு வார்த்தை பேசல, ஆனா அந்தக் குடும்பத்தோட இத்தனை வருஷக் கதையும் அந்தக் குவியல்ல இருக்கு. எனக்கு அங்க தொண்டை அடைச்சிருச்சு.

விமர்சகர்கள் மேல எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. வெயிலைப் பத்தியும் கேமராவைப் பத்தியும் பக்கம் பக்கமா எழுதுனாங்க, ரெண்டும் பிரமாதம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா கடைசில ஊத்துக்குழியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மொண்டு குடத்துல ஊத்துற பொம்பளைங்களை அவ்ளோ நேரம் காட்டுறாரே, அதைப் பத்தி இன்னும் நெறைய பேசிருக்கணும். ஆம்பள கோவத்துல ஊரெல்லாம் சுத்திட்டு வர்றான், அந்த நேரத்துலயும் குடிக்கிற தண்ணிக்கு பொம்பளைங்கதான் குழியில உக்காந்திருக்காங்க, படமே அதுதாங்க.

கேள்வி: ஆஸ்காருக்குப் போச்சே, என்னாச்சு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 94-வது ஆஸ்காருக்கு இந்தியாவோட அஃபிஷியல் என்ட்ரியா போச்சு, ஆனா 15 படம் அடங்குன ஷார்ட்லிஸ்ட்ல வரல. அதுல எனக்குப் பெரிய வருத்தமில்ல. 2021-ல ரோட்டர்டாம்ல அங்க பெரிய பரிசான டைகர் அவார்டு வாங்குன படம் நம்ம கண்ணுக்கு 2023 அக்டோபர்லதான், அதுவும் தியேட்டர்ல இல்லாம சோனி லிவ் ஓடிடியில வந்துச்சே, அதுதான் வருத்தம். ரெண்டரை வருஷம் பாராட்டை மட்டும் கேட்டுட்டு உக்காந்தா யாருக்குத்தான் எதிர்பார்ப்பு ஏறாது? திண்டுக்கல் நண்பரோட ஏமாத்தத்துல பாதி இதுலதான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

கேள்வி: வினோத்ராஜோட அடுத்த படம் 'கொட்டுக்காளி' பாக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கண்டிப்பா பாருங்க. சூரி, அன்னா பென் நடிச்சு 2024 ஆகஸ்ட்ல தியேட்டருக்கே வந்துச்சு. பின்னணி இசையே கெடையாது, வண்டிச் சத்தமும் கோழிச் சத்தமும்தான். ஹெட்போன் மாட்டிக்கிட்டு, போனை வேற ரூம்ல வச்சுட்டுப் பாருங்க.