கோடியக்கரை உள்ளான்களும் நம் மலைத் தண்ணீரும்

பனிக்காலம் வந்தால் குன்னூரிலிருந்து கோடியக்கரைக்கு, பறவைகளின் காலில் அடையாள வளையம் போடும் முகாமுக்குப் போய் வருபவன் நான். அங்கே சேற்றில் இரை தேடும் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையைப் பற்றி மலைக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, உள்ளான்கள் குறைந்துவிட்டன என்கிறார்களே, எவ்வளவு? (தேயிலை விவசாயி, கோத்தகிரி)

1980-களில் ஒரு பருவத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் வந்த நீர்ப்பறவைகள் (உள்ளான்களும் சேர்த்து), பிறகு 1 லட்சத்துக்கும் கீழே இறங்கின என்கிறது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கு. அங்கே கூட்டம் கூட்டமாக வந்த வளைமூக்கு உள்ளான், 2024-ல் உலக அளவிலேயே அழியும் அபாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

வேட்டைதான் காரணமா சார்? (கல்லூரி மாணவி, ஊட்டி)

வலை வைத்துப் பிடித்தது உண்மைதான். ஆனால் நான் பெரிதாக நினைப்பது சேற்றைத்தான். உள்ளானுக்குச் சாப்பாடே சேற்றுக்குள் இருக்கும் புழுக்கள்தான். சதுப்புக்கு வரும் நல்ல தண்ணீர் குறைந்து, உப்பளங்கள் பெருகி, உப்பு கூடிக்கொண்டே போனால் அந்தப் புழுக்கள் செத்துப்போகும். அப்புறம் அது எவ்வளவு குத்தினாலும் மூக்கில் எதுவும் சிக்காது.

வளையம் போடும்போது வயிற்று இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்ப்போம். தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால் மனசு நிறையும். அந்தக் கொழுப்புதான், முட்டையிடப் போகும் சைபீரியா வரைக்குமான கட்டுச்சோறு. ஏப்ரலில் கையில் எடுத்த ஒரு பறவைக்கு மஞ்சளே இல்லை, நெஞ்செலும்புதான் விரலில் குத்தியது. அதைப் பறக்கவிட எனக்குக் கை வரவில்லை.

போய்ச் சேர்ந்தாலும் கஷ்டம் இருக்கிறது. அங்கே லெம்மிங் என்ற எலி குறைந்த வருடத்தில், அதைத் தின்று வாழும் நரிகள் உள்ளான் முட்டைகளைத் தேடித் தின்றுவிடும். அந்த வருடம் குஞ்சுகள் குறைவு.

கடற்கரைப் பறவைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? (கூடலூர்)

பைக்காரா தண்ணீர்தான் மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரியின் கடைமடைக்கும் கீழேதான் கோடியக்கரைச் சதுப்பு. கடைமடை வயலுக்கே தண்ணீர் போய்ச் சேராத வருடத்தில் உள்ளானுக்கு எங்கே மிஞ்சும்? இங்கே மலைச் சதுப்பை மேடாக்கி வீடு கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த நெஞ்செலும்புதான் ஞாபகம் வருகிறது.

ஊட்டியில் உள்ளான் உண்டா?

உண்டு. குளிர்காலத்தில் ஏரிக்கரையில் பின்புறத்தை ஆட்டி ஆட்டி நடப்பது உள்ளான்தான். இமயமலையிலிருந்து வரும் வுட்காக் என்ற நீள மூக்குப் பறவையும் அதே குடும்பம். அந்தி நேரத்தில் சோலை ஓரம் நின்றால் தலைக்கு மேலே பறந்து போகும். பார்த்தால் தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். போய் நின்றும் ஒன்றுகூட வராத நாளையும் எழுதுங்கள்.