மெட்டலோடு வேறு இசையைக் கலப்பது என்றால் எனக்கு செபுல்டூராதான்

கேள்வி இது: "ஹெவி மெட்டலோடு வேறு இசை வகைகளையும் கலந்து வாசிக்கும் குழு ஏதாவது உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறதா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

என் பதில் செபுல்டூரா. பிரேசில் நாட்டுக் குழு. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத் தலைநகரான பெலோ ஹொரிசோன்ட்டியில், மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்ற அண்ணனும் தம்பியும் 1984-இல் ஆரம்பித்தது. அங்கே இராணுவ ஆட்சி முடியும் தறுவாயில் இருந்த காலம் அது.

எனக்கு அறிமுகம் செய்தவர் கல்லூரி விடுதியில் இருந்த ஒரு சீனியர் அண்ணன். அவருடைய ஹார்டு டிஸ்க்கில் மெட்டாலிகா, ஸ்லேயர் எல்லாம் தனித்தனி ஃபோல்டராக இருக்கும். நான் அவற்றைத்தான் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "டேய், டிரம்ஸ் பிடிக்கும்னா இதைக் கேளுடா" என்று அவர் போட்டுவிட்ட பாட்டு 'ராட்டமஹாட்டா'. 1996-இல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்தில் உள்ளது.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மெட்டல் பாட்டு என்றால் கிட்டார் முதலில் வரும் என்று காது காத்திருக்கும். இங்கே வருவது தாளக் கருவிகள். கூடவே ஒரு குரல், பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல், போர்ச்சுகீசிய மொழியில் வரிசையாகச் சொற்களை அடுக்குகிறது. சேரி, குடிசை, சந்து என்று ஏழை மக்கள் வாழும் இடங்களின் பெயர்கள். அந்தக் குரல் கார்லின்ஹோஸ் பிரவுனுடையது. பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரத்துக்காரர், டிம்பலாடா என்ற தாளவாத்தியக் குழுவைத் தொடங்கியவர், மெட்டலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல மாக்ஸ் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பதில் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் கிட்டார் உள்ளே வருகிறது. வந்ததும் தாளத்தை மிதித்துவிட்டு மேலே ஏறி உட்காரவில்லை, அதே தாளத்தைத்தான் அதுவும் வாசிக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

பாட்டில் மூன்று பெயர்கள் வரும்: ஸே டோ கைஷாவ், சும்பி, லம்பியாவ். முதலாவது பிரேசில் திகில் படங்களில் வரும் சவப்பெட்டிக்காரன். இரண்டாவது, தப்பி ஓடிய அடிமைகள் கட்டியெழுப்பிய பால்மாரெஸ் குடியிருப்பின் தலைவர், 1695-இல் கொல்லப்பட்டவர். மூன்றாவது, வடகிழக்கு வறண்ட நிலத்தின் கொள்ளைக்காரர், 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். பேயும் போராளியும் கொள்ளைக்காரனும் ஒரே மூச்சில். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடி உலகச் சந்தைக்குப் போன குழு, புகழின் உச்சியில் இருக்கும்போது தன் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியும் பாட்டைச் செய்திருக்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

கலவை இசை என்று வருவதில் பெரும்பாலானவை எனக்கு ஒட்டுவதில்லை. வழக்கமான மெட்டல் பாட்டை எழுதிவிட்டு நடுவில் ஒரு புல்லாங்குழலையோ சிதாரையோ செருகுவார்கள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாலும் பாட்டு அப்படியே நிற்கும். செபுல்டூரா செய்தது வேறு. தங்கள் வாசிப்பையே மாற்றிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் இகோர் ஸ்லேயர் பாணியில் தலைதெறிக்கும் வேகத்தில் அடித்தவர். 'ரூட்ஸ்' வரும்போது வேகம் பாதியாகக் குறைந்து, டிரம்ஸ் செட்டின் டாம் முரசுகளில் உருளும் கனமான அடியாக மாறிவிட்டது. சம்பா ஊர்வலங்களில் சுர்டோ என்ற பெரிய முரசு கொடுக்கும் அடித்தள அடி இருக்கிறதே, அந்த உணர்வு இதில் உண்டு. மாக்ஸ் தன் கிட்டாரில் மெல்லிய கம்பிகள் இரண்டைக் கழற்றிவிட்டு, தடித்த நான்கு கம்பிகளை மட்டும் வைத்து வாசிப்பவர். சுருதியையும் வெகுவாகக் கீழே இறக்கிவிட்டார்கள். அதனால் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள்) எளிமையாக, கிட்டத்தட்ட இன்னொரு முரசைப் போல ஒலிக்கும். கிட்டார் இடம் விட்டுக் கொடுத்ததால்தான் தாளத்துக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

இது ஒரே நாளில் நடந்ததும் இல்லை. 1991-இல் வந்த 'அரைஸ்' ஆல்பம் அப்பட்டமான த்ராஷ் மெட்டல், அதாவது அதிவேக மெட்டல். ஆனால் அதிலேயே 'ஆல்டர்டு ஸ்டேட்' பாட்டின் தொடக்கத்தில் பழங்குடித் தாளம் எட்டிப்பார்க்கும். 1993-இல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' முதல் பாட்டு ஒரு இதயத்துடிப்போடு ஆரம்பிக்கிறது. அது மாக்ஸின் மகன் ஸையன் தாயின் வயிற்றில் இருந்தபோது பதிவு செய்த துடிப்பு. அந்தத் துடிப்பின் மேல் இகோரின் டிரம்ஸ் வந்து இறங்கும். அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது அப்பாவின் இன்னொரு குழுவான சோல்ஃபிளையில் டிரம்ஸ் வாசிக்கிறார்.

அதே ஆல்பத்தில் 'கயோவாஸ்' என்று ஒரு பாட்டு. பாட்டு என்றேன், குரலே கிடையாது. மின்சாரக் கிட்டாரும் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டார்களும் முரசுகளும் மட்டும். சொந்த நிலம் பறிபோய்த் தற்கொலைகள் பெருகிய குவாரனி-கயோவா பழங்குடி மக்களுக்காகச் செய்தது. பதிவு செய்த இடம் வேல்ஸ் நாட்டின் செப்ஸ்டோ கோட்டை. கற்சுவர்களுக்கு நடுவே வாசித்ததை ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த வெளி நன்றாகத் தெரியும். பிற்பாடு மேடைகளில் இதை வாசிக்கும்போது, கூட வந்திருக்கும் மற்றக் குழுக்காரர்களும் ஏறி வந்து முரசடிப்பார்கள்.

'ரூட்ஸ்' ஆல்பத்துக்கு அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மாத்தோ க்ரோசோ மாநிலத்தில் ஷவாந்தே பழங்குடியினரின் கிராமம் ஒன்றுக்கு 1995 கடைசியில் நேரில் போய், அவர்களோடு தங்கி, 'இட்சாரி' என்ற பாட்டை அங்கேயே பதிவு செய்தார்கள். ஷவாந்தே மக்கள் பாட, இவர்கள் அக்கூஸ்டிக் கிட்டாரும் தாளமுமாகக் கூடவே வாசிக்கிறார்கள். பழங்குடி இசையை எடுத்தாள்வது சரியா என்று இன்று நிறையப் பேர் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பழைய ஒலிப்பதிவிலிருந்து இரண்டு விநாடி வெட்டி ஒட்டியிருந்தால் எனக்கும் உறுத்தியிருக்கும். இவர்கள் அந்த மக்களின் சம்மதத்தோடு அவர்கள் வாசலுக்குப் போய், அவர்கள் குரலை முன்னால் வைத்துத் தாங்கள் பின்னால் உட்கார்ந்தார்கள். அந்த மரியாதை பதிவில் கேட்கிறது.

'ஆட்டிட்யூட்' பாட்டின் முதல் சில விநாடிகளையும் தவறவிடாதீர்கள். அங்கே ஒலிப்பது பெரிம்பாவ். வில்லாக வளைத்த கம்பு, ஒரே ஒரு கம்பி, அடியில் ஒரு சுரைக்குடுக்கை, குச்சியால் தட்டி வாசிப்பது. நம்மூர் வில்லுப்பாட்டு வில்லைச் சின்னதாக்கிக் கையில் பிடித்தது போல இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த கருவி, கபோயிரா என்ற பிரேசிலியச் சண்டை ஆட்டத்துக்கு உயிர்நாடி. 'ஆம்புஷ்' என்ற பாட்டு, அமேசான் காட்டைக் காக்கப் போராடி 1988-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ரப்பர் தொழிலாளி சீகோ மெண்டெஸ் பற்றியது. பிரேசிலில் 1964-இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததைத் திட்டும் பாட்டும் உண்டு.

ஆல்பம் முழுக்கப் பொன் என்று சொல்லமாட்டேன். எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் தொய்வு உண்டு. கோர்ன் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த ராஸ் ராபின்சன்தான் இதற்கும் தயாரிப்பாளர். அந்தச் சாயல் சில இடங்களில் தூக்கலாகத் தெரியும். 'லுக்கவே' அப்படி ஒன்று. விருந்தாளிகள் அதிகம், பாட்டு குறைவு. நான் அதைத் தாண்டிவிடுவேன்.

1996 இறுதியில் மாக்ஸ் குழுவை விட்டுப் போனார். வளர்ப்பு மகனின் மரணம், நிர்வாகத் தகராறு என்று வருத்தமான கதை. பலர் அத்தோடு செபுல்டூரா முடிந்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெரிக் கிரீன் பாடகராக வந்த முதல் ஆல்பமான 'அகெய்ன்ஸ்ட்' (1998) இல், ஜப்பானின் புகழ்பெற்ற கோடோ தைக்கோ முரசுக் குழுவோடு சேர்ந்து 'கமாயிதாச்சி' என்று ஒன்று செய்திருக்கிறார்கள். பின்னாளில் பிரான்சு நாட்டின் தாம்பூர் டு ப்ரோங்க்ஸ் குழுவோடு ரியோ மேடையில் ஏறினார்கள். அவர்கள் இரும்புப் பீப்பாய்களை அடித்து வாசிப்பவர்கள். பாடகர் மாறினாலும், 2006-இல் இகோரும் விலகினாலும், முரசு எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும் குணம் அந்தக் குழுவை விட்டுப் போகவில்லை. 2024-இல் விடைபெறும் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியதும் சொந்த ஊரான பெலோ ஹொரிசோன்ட்டியில்தான்.

கேட்க ஆரம்பிப்பவர்கள் அலறலுக்குப் பயந்து ஓடாமல் இருக்க நான் சொல்லும் வரிசை: முதலில் 'கயோவாஸ்', அடுத்து 'இட்சாரி', பிறகு 'ராட்டமஹாட்டா', அது பிடித்தால் 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தில் உள்ள 'டெரிட்டரி'. 'டெரிட்டரி'யில் முதல் பத்து விநாடி இகோர் தனியாக வாசிப்பதை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுப் பாட்டுக்குள் போங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம், முரசின் அடிச்சத்தம் அதில் வரவே வராது.