வெறும் குரல்தானா?

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்ததைத் தவிர ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ன சாதித்தார்? நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேயில் ஒரு அரங்குக்கே அவர் பெயரை வைத்தது அதிகமில்லையா?

பதில்: அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு தாமதமாக வைத்தார்களே என்றுதான் வருத்தம். 2022-இல் அவர் பெயரைப் பெற்ற அதே அரங்கில், அது கோர்ட் தியேட்டராக இருந்தபோது, 1958-இல் பணியாளாகச் சின்னஞ்சிறு வேடத்தில் நின்றவர் அவர்.

'வெறும் குரல்' என்கிறீர்கள். அந்தக் குரல் அவருக்குச் சும்மா வாய்த்ததல்ல. மிசிசிப்பியில் பிறந்து, மிச்சிகனில் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்குக் கடுமையான திக்குவாய். கேலிக்கு அஞ்சி, பள்ளியில் ஆண்டுக்கணக்கில் வாயே திறக்கவில்லை. பம்பளிமாசு போன்ற ஒரு பழத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் பார்த்த ஆசிரியர், "நீ எழுதியதுதான் என்றால் எழுந்து சொல்" என்றார். சொன்னார், திக்காமல். அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

டார்த் வேடருக்கு அவர் பேசியது சில மணி நேரம். கூலி 7,000 டாலர். அது இன்னொரு நடிகரின் வேடம் என்று சொல்லி, 1977-இல் வந்த முதல் படத்தில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரும் அவரே. அவரே பெரிதாக எண்ணாத வேலையை வைத்து அவரை அளப்பது என்ன நியாயம்?

மேடையைப் பாருங்கள். 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில், ஜாக் ஜான்சனின் வாழ்க்கையைத் தழுவிய கறுப்பினக் குத்துச்சண்டை வீரனாக நின்று 1969-இல் பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனியை வாங்கினார். அதன் திரை வடிவத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 1987-இல் 'ஃபென்சஸ்', இரண்டாவது டோனி. நிறத்தால் பெரிய பேஸ்பால் அணிகளில் இடம் மறுக்கப்பட்டு, குப்பை அள்ளிப் பிழைக்கும் தகப்பன் வேடம். "உங்களுக்கு ஏன் என்னைப் பிடிக்கவில்லை?" என்று மகன் கேட்கிறான். சோறு போடுவது என் கடமை, உன்னைப் பிடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று தகப்பன் பொரிந்து தள்ளுகிறான். பிள்ளையைத் தன் தோல்வியிலிருந்து காக்கத் தெரியாமல் காக்கும் ஒருவனின் தவிப்பு அது.

2015-இல், 84 வயதில், நடிகை சிசிலி டைசனுடன் சீட்டாட்ட மேசையில் அமர்ந்து ஒரு முழு நாடகத்தையும் இருவர் மட்டுமே சுமந்தார்கள். முகமூடிக்குள் ஒலித்த குரலை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். 'ஃபென்சஸ்' காட்சியின் மேடைப் பதிவு கிடைத்தால் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.