வங்கி பிடித்த வரியைத் திரும்பக் கேட்காமல் விட்டுவிடலாமா?

கேள்வி: என் வயது 64. மாத ஓய்வூதியம் 28,000 ரூபாய். 2024-25 நிதியாண்டில் எனக்கு வந்த 62,000 ரூபாய் வைப்புத்தொகை வட்டியில், வங்கி 6,200 ரூபாயை டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரி) ஆகப் பிடித்துக்கொண்டது. ரீஃபண்ட் கேட்டால் நோட்டீஸ் வரும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். இன்னொருவரோ, பங்கு கொடுத்தால் 40,000 ரூபாய் வரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எனக்கு இந்த வம்பே வேண்டாம். பிடித்த வரியைக் கேட்காமல், வருமானவரிக் கணக்கை மட்டும் தாக்கல் செய்யலாமா?

பதில்: செய்யலாம். பிடித்த வரிக்கான வரவை, அதாவது அந்தத் தொகையை உங்கள் வரிக்கு ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உரிமையை, கோராமல் விட்டதற்காக யாருக்கும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வரவை விடுவதும் வருமானத்தை விடுவதும் ஒன்றல்ல. 'பணமே வேண்டாம் என்றபின் அந்த வட்டியை எதற்குக் காட்ட வேண்டும்' என்று எண்ணி இரண்டையும் சேர்த்து நீக்கிவிடுகிறவர்கள் பலர். வங்கி உங்கள் பான் எண்ணில் வட்டியையும் பிடித்தத்தையும் ஏற்கெனவே வருமானவரித் துறைக்குத் தெரிவித்துவிட்டது; உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸிலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் அவை இருக்கின்றன. ஆகவே வட்டியை மறைத்தால்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வர வாய்ப்புண்டு. உங்கள் உறவினர் நோட்டீஸ் வரும் வழியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 3,36,000. அதில் நிலைக்கழிவு (ஓய்வூதியத்தில் ரசீது எதுவும் இல்லாமலே கழிக்கும் தொகை) 75,000 போக 2,61,000. வட்டி 62,000 சேர்ந்தால் 3,23,000. புதிய வரிமுறையில் அந்த ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேற்பட்ட 23,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 1,150 ரூபாய் வரி வரும். வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் அதுவும் தள்ளுபடியாகிவிடும். செலுத்த வேண்டிய வரி பூஜ்யம். ஆக, 6,200 ரூபாய் என்பது அரசு தரும் சலுகையோ உதவித்தொகையோ அல்ல; வரி வராத நிலையிலும் உங்கள் பையிலிருந்து எடுக்கப்பட்ட உங்கள் பணம். அதைத் திரும்பக் கேட்கும் சுமையையும் உங்கள் தலையிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. வரி வராது என்று துறையின் கணினிக்கே தெரிகிறது. ஆனாலும் கடவுச்சொல்லும் ஓடிபியுமாக ஒரு மூத்த குடிமகன் போராடித்தான் அதைப் பெற வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சிறிய, 26ஏஎஸ்ஸோடு ஒத்துப்போகும் ரீஃபண்டைக் கேட்பதால் மட்டும் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. கணக்குகளைப் பெங்களூருவில் உள்ள மையம் கணினியில் சரிபார்த்து, ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறது. சகஜ் எனப்படும் ஐ.டி.ஆர்-1 படிவத்தில் டி.டி.எஸ். பகுதிக்குப் போனால், வங்கியின் பெயரும் 6,200 என்ற தொகையும் பெரும்பாலும் தானாகவே நிரப்பப்பட்டிருக்கும். அதைத் தொடாமல் விடுவதே குறைந்த வேலை. நீக்குவதற்குத்தான் நீங்கள் மெனக்கெட வேண்டும். இன்று நீக்கிவிட்டு நாளை மனம் மாறினால், கெடுவுக்குள் மட்டுமே திருத்திய கணக்கு தாக்கல் செய்யலாம்; 2024-25 கணக்குக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31. அதன்பின் வரும் 'புதுப்பித்த கணக்கு' வசதியைக் கொண்டு ரீஃபண்ட் வாங்க முடியாது.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 40,000 ரூபாய்க்காரரை. வங்கி பிடித்ததே 6,200 என்னும்போது, 40,000 எங்கிருந்து வரும்? பிடிக்காத, கட்டாத வரியைத் துறை திருப்பித் தராது. அவர் ஏதேனும் ஒரு பொய்யான பிடித்தத்தையும் எழுதினால்தான் அந்தக் கணக்கு வரும். இத்தகைய இடைத்தரகர்களின் வழக்கமான சரக்கு, போலி நன்கொடை, குடியிராத வீட்டுக்கு வாடகை, இல்லாத ஊனம் ஆகியவை. என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநரின் கணக்கில், பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிராத ஒரு கட்சிக்கு 1,20,000 ரூபாய் நன்கொடை கொடுத்ததாக எழுதப்பட்டிருந்தது. அதைவிட மோசம், துறையின் இணையதளத்தில் அவருடைய கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டிய இடத்தில் தரகருடையவை இருந்தன. விளக்கம் கேட்டுத் துறை அனுப்பியவை எல்லாம் தரகருக்கே போயின. பங்கை வாங்கிக்கொண்ட அவரோ வாயைத் திறக்கவில்லை. வருமானத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டினால் அபராதம் அந்த வரியில் 200 சதவீதம் வரை போகும்; அதைக் கட்ட வேண்டியவர் கணக்கில் பெயர் உள்ளவர்தான். ஆகவே யாரிடம் போனாலும், ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுகிறவரிடம் பான் எண்ணைக்கூடச் சொல்லாதீர்கள்.

வரவை நீங்கள் கேட்கவே கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அந்த வைப்புத்தொகை உண்மையில் உங்கள் பணமா என்று யோசித்துப் பாருங்கள். தாயாரோ சகோதரியோ போட்ட பணத்துக்கு வசதிக்காக உங்கள் பெயரை முதல் பெயராகப் போட்டிருந்தால், வங்கி உங்கள் பான் எண்ணில்தான் பிடிக்கும். ஆனால் வட்டி யாருடைய வருமானமோ, வரவும் அவருக்கே சேர வேண்டும். வட்டியை அவர் கணக்கில் காட்டி, வரவை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வது கூடாது. இதற்கு வங்கியிடம் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து, பணத்துக்குரியவரின் பெயர், முகவரி, பான் எண், காரணம் ஆகியவற்றைத் தெரிவித்தால், வங்கி அவர் பெயரிலேயே பிடித்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வரவை இன்னொருவருக்கு மாற்றிக் காட்டச் சகஜ் படிவத்தில் இடம் கிடையாது, ஐ.டி.ஆர்-2 தான் போட வேண்டும். மனைவிக்கு நீங்களே கொடுத்த பணத்தை அவர் பெயரில் போட்டிருந்தால் கதை வேறு: வட்டி உங்கள் வருமானமாகவே கருதப்படும்.

பணம் உங்களுடையதுதான் என்றால், தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதிப்படுத்துங்கள்; அதைச் செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே ஆகாது. 2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியின் வட்டி ஆண்டுக்கு 1,00,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் என்பதால், இதே அளவு வட்டிக்கு 2025-26இல் வங்கி கைவைக்கக் கூடாது. வட்டி அதைத் தாண்டும் என்று தெரிந்தால், 'எனக்கு வரி வராது' என்னும் உறுதிமொழிப் படிவத்தை (2025-26இல் அது படிவம் 15எச்) வங்கியில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.