விங்கராக, அதாவது மைதானத்தின் ஓரமாகப் பந்தை முன்னே கொண்டுபோகும் ஆட்டக்காரனாக, விளையாடும் பையன் வெளியூர் விடுதியில் தங்க முடியாமல் திரும்பிவிட்டால், கால்பந்தைத் தொழிலாகக் கொள்ளும் வழி அடைபட்டுவிடுமா?

அடைபடாது. பதினைந்து வயது மகன் அகாடமி விடுதியிலிருந்து சில வாரங்களிலேயே திரும்பிவிட்டான் என்றும், மனத்திடம் இல்லாதவன் விங்கராக முடியாது என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். பையன் இப்போது பந்தைத் தொடுவதில்லை, உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அவனைத் திரும்ப அனுப்புவதா வேண்டாமா என்று உங்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது என்று ஊகிக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் ஊர்களில் கால்பந்து இல்லாத மாலைப்பொழுது கிடையாது. மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவனுக்குப் புல்தரையில் கால் தானாகவே முந்திப் போகும். அந்த வேகத்தைப் பார்த்து என்னை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். மாவட்ட அணியில் விளையாடியபோது ஒரு விளையாட்டு விடுதிக்குத் தேர்வானேன். அங்கே பகலில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. என்னைவிட மூத்த தடுப்பாட்டக்காரர்களை ஓரமாகவே தாண்டிச் சென்று, கோல் முன்னால் நிற்பவர்களுக்குக் குறுக்காகப் பந்தை அடித்து, கிராஸ் கொடுத்திருக்கிறேன். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் நெஞ்சு அடைக்கும், விரல்கள் மரத்துப்போகும், மூச்சு முட்டும், செத்துப்போகிறேன் என்றே தோன்றும். விடிந்து மைதானத்துக்குப் போனால் காலில் வலு இருக்காது. என் அப்பா ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கிறவர் என்பது விடுதிக் காப்பாளருக்குத் தெரியும். "உங்கப்பன் வாரக்கணக்கா கடல்ல கிடக்கான், உனக்குக் கட்டில்ல படுத்துத் தூங்க முடியலையா?" என்று எல்லாப் பையன்கள் முன்னிலையிலும் கேட்டார். அதன் பிறகு மற்றவர்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

அழைத்துப்போக வந்த அப்பா அவரோடு சண்டை போடவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, "முதல் தங்கலுக்குப் போற பயலுவ எல்லாரும் படகுல அழுவானுவ. அதுக்காவ ஆரும் அவன ஏலாதவன்னு சொல்ல மாட்டாவ" என்றார். ஊரில் எங்கள் கிளப்புக்கு விளையாடினேன். சில ஆண்டுகளில், கூட்டாளிகளோடு கேரளத்தின் மலப்புறம் பக்கம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்குப் போகவும், அங்கே இரவு தங்கவும் என்னால் முடிந்தது. பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்து, துறை அணிக்காகப் பல ஊர்களில் ஆடினேன். திடம் இல்லாதவன் என்று முத்திரை குத்தப்பட்ட அதே ஆள்தான் இத்தனையும் செய்தேன் என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

எனக்கு நடந்ததை ஒதுக்கிவிடலாம்; நான் பெரிய ஆட்டக்காரன் அல்ல. ஆனால் ஸ்பெயினின் விங்கர் ஹெசூஸ் நவாஸை யாரும் ஒதுக்க முடியாது. 1985-ல் செவில்லா நகரத்துக்கு அருகேயுள்ள லோஸ் பலாசியோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 2003-ல், பதினெட்டு வயதில், செவில்லா அணியின் முதல் வரிசைக்கு வந்துவிட்டார். ஊரைவிட்டு நெடுநாள் விலகியிருக்க நேர்ந்தால் அவருக்குக் கடுமையான பதற்றமும் வலிப்பும் வரும். பயிற்சி முகாம்களைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்; இதனாலேயே தேசிய அணியும் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. செவில்லா கிளப் அவரை அனுப்பிவிடவில்லை. உள்ளூரிலேயே ஆடவைத்தது, அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டார், தேசிய அணி காத்திருந்தது. அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே, தனக்குப் பின்னே தடுப்பாட்டத்தில் டானி ஆல்வெஸ் துணையிருக்க, 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்ற அணியில் வலது ஓரம் அவருடையதாக இருந்தது.

2009 நவம்பரில்தான் ஸ்பெயினுக்கு முதன்முதலாக ஆடினார். அடுத்த ஆண்டே, வீட்டிலிருந்து அவ்வளவு தொலைவில், தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. இறுதியாட்டத்தின் 60-வது நிமிடத்தில் பெட்ரோவுக்கு மாற்றாக இறங்கினார். 116-வது நிமிடத்தில் ஸ்பெயினுக்காக இனியெஸ்டா அடித்த கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நகர்வு தன் பாதியிலிருந்து நவாஸ் பந்தோடு ஓடிய ஓட்டத்தில் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். உங்கள் மகனுக்கு அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். முகாமில் தங்க முடியாமல் வீடு திரும்பியவரின் கால்கள் அவை.

மனத்திடம் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு விங்கருக்கு வேண்டிய திடம் வேறு வகையானது. ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்து, பார்வையாளர்கள் கூச்சலிட்ட பிறகும், ஆறாவது முறையும் அதே தடுப்பாட்டக்காரரை நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும். இடது காலால் ஆடுபவர்களை வலது ஓரத்தில் நிறுத்தி உள்ளே வெட்டிவந்து கோல் அடிக்கவைப்பது வழக்கமாகிவிட்ட காலத்தில், நவாஸ் வலது காலால் ஆடும் விங்கராக வெளிப்பக்கமே போய், கோட்டை ஒட்டி ஓடி, கிராஸ் கொடுத்தார். எந்தப் பக்கம் போவார் என்பது எதிராளிக்குத் தெரிந்திருந்தும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார். அறிமுகமில்லாத கட்டிலில் தூக்கம் வருகிறதா என்பதை வைத்து இந்தத் துணிவை அளக்க முடியாது. நம்முடைய தேர்வு முகாம்களில் நடப்பதையும் சொல்ல வேண்டும்: ஒருவரையொருவர் அறியாத பையன்களை அணியாகச் சேர்த்துச் சற்று நேரம் ஆடவிட்டு முடிவெடுக்கிறார்கள். விங்கருக்குப் பந்து மற்றவர்கள் கொடுத்தால்தான் வரும். பந்தே வராத பையனை மந்தமானவன் என்று எழுதி அனுப்புவது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

நவாஸ் விதிவிலக்கு, அவருக்கு வீட்டருகிலேயே பெரிய கிளப் இருந்தது, நம் ஊரில் அது உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். சரியான கேள்விதான். எல்லோரும் நவாஸ் ஆகிவிடுவார்கள் என்றோ, விடுதிகளே தேவையில்லை என்றோ நான் சொல்லவில்லை. விடுதியால் வாழ்க்கை பெற்ற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பதினைந்து வயதில் முடியாதது இருபத்தேழு வயதில் முடியலாம் என்பதுதான் என் வாதம். நவாஸ் 2013-ல், அந்த வயதில்தான், இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்புக்குப் போனார். நான்கு பருவங்கள் அங்கே ஆடி, லீக் பட்டமும் பெற்றார்.

2017-ல் செவில்லாவுக்குத் திரும்பியபின் அவர் செய்ததுதான் விங்கராக வர நினைக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாடம். முப்பது வயதைத் தாண்டினால் விங்கரின் வேகம் குறையும், பலருடைய தொழில் அத்தோடு முடியும். நவாஸ் பின்னால் இறங்கி, வலது ஓரத் தடுப்பாட்டக்காரரான ரைட் பேக் ஆனார். அந்த இடத்திலிருந்து 2020, 2023 ஆண்டுகளில் யூரோப்பா லீக் (பழைய யூஇஎஃப்ஏ கோப்பையின் புதிய பெயர்) கோப்பையைக் கேப்டனாக உயர்த்தினார். 38 வயதில், ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ போட்டியின் அரையிறுதியில் பிரான்சின் எம்பாப்பேயை எதிர்த்து நின்றார். பிரான்சின் கோலுக்கான கிராஸ் அவர் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஆனாலும் ஸ்பெயின் 2-1 என்று வென்றது, கோப்பையையும் வென்றது. இடுப்பு வலியோடே ஆடிவந்தவர், அந்த ஆண்டு டிசம்பரில் ஓய்வுபெறும்போது செவில்லாவுக்காக 705 ஆட்டங்களை முடித்திருந்தார்.

ஆகவே முதலில் பையனுக்கு வருவது வெறும் வீட்டு நினைவா, என்னைப்போல் மூச்சு முட்டும் பதற்றமா என்று மிரட்டாமல் கேளுங்கள். பதற்றம் என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவனை அனுப்பிய பயிற்சியாளரிடம் வாதாடப் போகாதீர்கள். மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கிளப்பில் பதிவு செய்து, மாவட்ட லீக்கில் ஆடவிடுங்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு முதலில் ஓரிரவு மட்டும், தெரிந்த பையன்களோடு அனுப்புங்கள். வாரத்தில் ஓர் ஆட்டத்திலாவது அவனை ரைட் பேக்காக ஆடவைக்கும்படி அங்குள்ள பயிற்சியாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.