நகரம் வளர வளர முட்டுச் சந்துகள் ஏன் பெருகுகின்றன?

நகரம் விரியும்போது தெருக்களும் கூடுகின்றன, பிறகு ஏன் போய்வருவது கடினமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தெருக்கள் கூடுவது உண்மைதான். ஆனால் அவை ஒன்றோடொன்று சேருவதில்லை. சென்னையை வைத்தே சொல்கிறேன்.

நான் வளர்ந்தது மயிலாப்பூரில். பங்குனித் திருவிழாவில் மாட வீதிகளில் வண்டி போக முடியாது. அப்போதும் சந்து சந்தாகப் புகுந்து வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருக்கும்.

தியாகராய நகரையும் அண்ணா நகரையும் பாருங்கள். முன்னது 1920களில் உருவானது, பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிகின்றன. அதற்காக மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்தது பெரும் பிழை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் சாலைகளை ஒரே வரைபடத்தில் போட்டார்கள், அதன் பிறகுதான் மனை பிரித்தார்கள்.

இப்போது குடியிருக்கும் மடிப்பாக்கத்தில் நடந்தது தலைகீழ். வயல் துண்டு துண்டாக விற்பனையானது. வாங்கியவர் தன் துண்டுக்குள் மனை பிரித்து, பெரிய சாலைக்கு ஒரே ஒரு வழி விட்டார். அவர் போட்ட தெரு அவர் நிலத்தின் எல்லையில் நின்றது. அடுத்த துண்டை வாங்கியவர் அங்கே மதில் எழுப்பினார். 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது எங்கள் பகுதியும் உள்ளே வந்தது. அதற்குள் பெரும்பாலான தெருக்களில் வீடுகள் எழும்பிவிட்டன. இனி ஒரு தெருவை நீட்ட வேண்டுமானால் யாருடைய வீட்டையாவது இடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால்தான் சித்தி வீடு. அவர் மிக்ஸி போட்டால் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். போக வேண்டுமானால் மெயின் ரோடு வரை வந்து, சுற்றி, அடுத்த நுழைவில் திரும்ப வேண்டும், ஒன்றரை கிலோமீட்டர். அம்மா முக்காலியில் ஏறிக் குழம்புத் தூக்கை மதிலுக்கு மேலே நீட்டுகிறார். பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்துக்கு ஸ்கூட்டரை எடுக்கிறோம். இப்படி ஒவ்வொரு வீட்டு வண்டியும் அந்த ஒரே மெயின் ரோட்டில்தான் வந்து விழுகிறது. அதை எத்தனை முறை அகலப்படுத்தினாலும் நெரிசல் தீராததற்குக் காரணம் இதுதான். தெருக்களுக்குள் பஸ்ஸும் வர முடியாது. உள்ளே வந்தால் வெளியேற வேறு வழியில்லை.

இது எந்த நகரத்துக்கும் தலையெழுத்தல்ல. அமெரிக்காவில் புதிய தெருக்களின் இணைப்பு 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தேறியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இங்கேயும் புறநகரில் இன்னும் வயலாகவே இருக்கும் இடங்களில் அனுமதி கொடுக்கும் முன்பே தெருக்களை எல்லை தாண்டி இணைத்து வரைந்துவிடலாம். கட்டி முடிந்த இடத்தில் மதிலில் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்தாலே போதும். எங்கள் தெருக்காரர்கள் அதற்குத்தான் மூன்று வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.