மயக்கத்துக்கு முன் அமைதி மருந்து யாருக்கு வேண்டும்? மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: விலகிய தோள்மூட்டைச் சரிசெய்யக் கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்டார்கள். தெளியும்போது சுவர் உருகுவது போலவும் நான் கூரையருகே மிதப்பது போலவும் இருந்தது. கத்தினேனாம். அடுத்த மாதம் இன்னொரு ஆபரேஷன். மறுபடியும் இப்படி ஆகுமா டாக்டர்?

பதில்: பயப்படாதீர்கள், இது மனநோய் இல்லை. கெட்டமினில் கண் திறந்திருக்கும், மூச்சும் பெரும்பாலும் தானே ஓடும். ஆனால் கண், காது, உடம்பு சொல்வதை மூளையால் கோத்துப் பார்க்க முடியாது. 1960களில் மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்தபோதே இந்தக் கனவுகளைக் கவனித்தார்கள். சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கே அதிகம். கூடவே மிடசோலம் என்ற அமைதி மருந்தைக் கொஞ்சம் நரம்பில் போட்டால் நன்றாகக் குறையும். ஊசிக்கு முன் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவதும், இரைச்சல் இல்லாத இடத்தில் தெளியவிடுவதும் உதவும். பரிசோதனைக்குப் போகும்போதே நடந்ததைச் சொல்லுங்கள். வேறு மயக்க மருந்தும் தரலாம்.

கேள்வி: நாலு வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறுகிறாள்.

பதில்: மிடசோலத்தை வாய்வழியாக, கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில், அரை மணி முன்னதாகக் கொடுப்பது வழக்கம். ஒரே கசப்பு, அதனால் இனிப்பு சிரப்பில் கலப்போம். பிறகு தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது அம்மாவை விட்டுப் பிரிவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. சில பிள்ளைகள் மட்டும் அமைதியாவதற்குப் பதில் இன்னும் முரண்டு பிடிப்பார்கள். குடித்தபின் நடக்க விடாதீர்கள், விழுந்துவிடுவாள்.

ஒன்றை அவசியம் சொல்லுங்கள்: தூங்கும்போது குறட்டைவிட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாளா? டான்சில் பெருத்த பிள்ளைகளிடம் இது சகஜம். அப்படியிருந்தால் அளவைக் குறைப்போம், அல்லது மருந்தே இல்லாமல் அம்மாவை உள்ளே வரச் சொல்வோம்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, இடுப்பு எலும்பு முறிவு. ரொம்பப் பதறுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த வயதில் அந்த வகை மாத்திரைகளால் ஆபரேஷனுக்குப் பின் குழப்பம் கூடலாம்: இடம் தெரியாமல் உளறுவார், டிரிப்பைப் பிடுங்குவார். கண்ணாடியும் காது மிஷினும் கையோடு இருக்கட்டும். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எதற்கும் எல்லாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன?

பதில்: பிரான்சில் 70 வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2015இல் வந்தது. லோரசெபாம் என்ற அமைதி மாத்திரை வாங்கியவர்களுக்குத் திருப்தி கூடவில்லை, ஆபரேஷனில் மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை எடுக்கத்தான் தாமதமானது.

கேள்வி: தினமும் அல்ப்ரசோலம் என்ற அமைதி மாத்திரை போடுகிறேன். ஆபரேஷனுக்கு முன் நிறுத்தணுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நாளாக என்று மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.